வைரம் வாங்க நம்பகமான நகைக்கடையைத் தேர்ந்தெடுப்பது எப்படி: செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்தில் ஒரு வீட்டில் பெண்ணுக்குத் திருமணம் நிச்சயமானால் வைரத்தோடு, மூக்குத்தி பற்றிய பேச்சு மறுநாளே தொடங்கிவிடும். தங்கம் என்றால் உரைத்துப் பார்த்து, எடை போட்டு, அன்றைய விலையால் பெருக்கிக்கொள்ள எல்லோருக்கும் தெரியும். வைரத்தில் அந்த வசதி இல்லை. ஒரே அளவுள்ள இரண்டு கற்களின் விலை பல மடங்கு வேறுபடலாம். அந்த வேறுபாட்டுக்கான காரணம் வாங்குபவரின் கண்ணுக்குத் தெரிவதும் இல்லை. ஆகவே கல்லைத் தேர்ந்தெடுக்கும் முன் கடையைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. உறவினர்களோடும் நண்பர்களோடும் பல ஆண்டுகளாகக் கடை ஏறி இறங்கியதில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும், நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

அப்பத்தா காலத்திலிருந்து ஒரே கடையில்தான் வாங்குகிறோம். அங்கேயே வாங்கினால் போதாதா?

அங்கே தொடங்குவது சரிதான். நகரத்தாரின் ஒன்பது கோயில் பங்காளிகளும் தாயபிள்ளைகளும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாக இருக்கும் ஊர்களில், ஒரு வீட்டில் கெட்ட பெயர் எடுத்த கடை பத்து வீடுகளை இழந்துவிடும் என்பது கடைக்காரருக்கும் தெரியும். அந்தப் பயம் இன்றும் ஓரளவு வேலை செய்கிறது.

ஆனால் நேர்மை வேறு, கல்லைப் பற்றிய அறிவு வேறு. அப்பத்தாவுக்கு விற்ற பெரியவர் பொட்டலத்தைப் பிரித்து ஒவ்வொரு கல்லாகப் பொறுக்கி எடுத்திருப்பார்; எந்தக் கல்லில் என்ன குறை என்று அவருக்கே தெரிந்திருக்கும். இன்று அதே கடையில் அமர்ந்திருக்கும் பேரன், மும்பையிலிருந்தோ சூரத்திலிருந்தோ முடிந்த நகையாகவே தருவித்து, கூட வந்த காகிதத்தில் உள்ளதை அப்படியே உங்களிடம் சொல்பவராக இருக்கலாம். அவர் பொய் சொல்லவில்லை. தெரியாததை நம்பிச் சொல்கிறார், அவ்வளவுதான். எனவே பழக்கமான கடையிலும் “இந்தக் கற்களை நீங்களே பார்த்து எடுத்துக் கட்டியதா, நகையாகவே வந்ததா?” என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள். நகையாக வந்தது என்று வெளிப்படையாகச் சொல்பவரைக் குறைவாக மதிப்பிட வேண்டியதில்லை. அந்த நகைக்கு வெளிச் சோதனை கட்டாயம் தேவை என்று மட்டும் புரிந்துகொண்டால் போதும்.

புதிய கடைக்கு முதல்முறை போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

கடையின் பளிங்குத் தரையையும் குளிர்சாதனத்தையும் கவனிக்க வேண்டாம். வைரத்தை எந்த வெளிச்சத்தில் காட்டுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். கல்லாவுக்கு மேலே வரிசையாகத் தொங்கும் விளக்குகளுக்கு அடியில் எந்தக் கல்லும் மின்னும். கண்ணாடித் துண்டு கூட மின்னும். நிறத்தைப் பார்க்க அந்த வெளிச்சம் உதவாது.

காரைக்குடியில் ஒரு சிறிய கடையில் நான் கண்டதைச் சொல்கிறேன். கடைக்காரர் தோட்டை எடுத்துக்கொண்டு வாசல் பக்கத்து ஜன்னலுக்குப் போனார். ஒரு வெள்ளைத் தாளை நடுவில் மடித்து, அந்த மடிப்பில் தோட்டைக் கவிழ்த்து வைத்தார். பின்பக்கம் திறந்த கட்டடம் (கல்லைப் பதித்திருக்கும் தங்க அமைப்பு) என்பதால் கற்களின் கூர் அடி மேலே தெரிந்தது. “மூணாவது கல்லு லேசா மஞ்சள் தட்டுது பாருங்க, மத்தது ஆறும் ஒரு நிறம்” என்றார். நாங்கள் கேட்கவே இல்லை. பிறகு பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை எங்களிடமே கொடுத்து, எப்படிப் பிடிப்பது என்று காட்டினார். குறையைத் தானாகச் சொல்லும் கடைக்காரர், அதே குறையை விலையிலும் கழித்துச் சொன்னால், அவரிடம் நீங்கள் அடுத்த முறையும் போகலாம்.

இன்னொன்று, அவசரப்படுத்துகிறாரா என்று பாருங்கள். “இன்றைக்கு மட்டும் இந்த விலை” என்பது துணிக்கடைக்குப் பொருந்தும் பேச்சு. கல்லை வேறொருவரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொன்னவுடன் முகம் மாறுகிறதா, “தாராளமாகக் காட்டுங்கள்” என்ற பதில் வருகிறதா என்பதே நான் வைத்திருக்கும் முதல் சோதனை. வேறு எந்த அடையாளத்தையும் விட இதையே நான் அதிகம் நம்புகிறேன்.

ஹால்மார்க் முத்திரை இருந்தால் வைரமும் நல்லது என்றுதானே பொருள்?

இல்லை. இந்தக் குழப்பம் படித்தவர்களிடமும் இருக்கிறது. ஹால்மார்க் நகையின் உலோகத்துக்கு மட்டுமே உரியது, கல்லுக்கு அல்ல. தங்க நகை என்றால் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) சின்னம், 22கே916 அல்லது 18கே750 போன்ற தரக்குறி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யுஐடி என்னும் தனி அடையாள எண் ஆகிய மூன்றும் நகையில் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆறு இலக்க எண் இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக் கூடாது என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த எண்ணைக் கைபேசியில் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் இட்டால் விற்றவரின் பதிவு, சோதித்த மையம், தங்கத்தின் தரம் ஆகியவை தெரியும். அதில் பதிக்கப்பட்ட கல் வைரமா, எந்தத் தரத்து வைரம் என்பதைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லாது.

இரண்டு கிராமுக்குக் குறைவான நகைகளுக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக்கல் மூக்குத்தி பெரும்பாலும் இந்த விலக்கில் வந்துவிடும். அங்கே தங்கத்தின் தரத்துக்கும் பில்லில் உள்ள எழுத்துதான் சாட்சி.

எந்த ஆய்வகத்தின் சான்றிதழைக் கேட்க வேண்டும்?

ஜிஐஏ, ஐஜிஐ ஆகிய இரண்டும் நம் கடைகளில் அதிகம் தென்படுபவை. ஜிஐஏ 1931-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட நிறுவனம். டி முதல் இசட் வரையிலான நிற வரிசை அவர்கள் வகுத்ததுதான். டி என்பது நிறமே இல்லாத கல். வரிசை கீழே இறங்க இறங்க மஞ்சள் ஏறும். தெளிவுக்கு விவிஎஸ், விஎஸ், எஸ்ஐ என்று வரும் குறிகள், பத்து மடங்கு லென்ஸில் உட்குறை எவ்வளவு எளிதாகத் தெரிகிறது என்பதைக் காட்டுபவை.

ஜிஐஏ உதிரிக் கல்லுக்கு மட்டுமே தர அறிக்கை கொடுக்கும். நகையில் பதித்த கல்லுக்குக் கொடுக்காது. எனவே கட்டி முடித்த மோதிரத்தோடு ஜிஐஏ அறிக்கை தந்தால், அந்த அறிக்கையில் உள்ள கல்தான் இந்த மோதிரத்தில் இருக்கிறது என்பதைக் கடைக்காரர் காட்ட வேண்டும். கல்லின் இடுப்பு விளிம்பில் லேசரால் அறிக்கை எண் பொறிக்கப்பட்டிருந்தால் லென்ஸில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அதே எண்ணை ஆய்வகத்தின் இணையதளத்தில் இட்டு எடையையும் அளவையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நகையாகவே சோதித்துத் தரப்படும் அறிக்கைகளும் உண்டு. அவற்றில் நிறமும் தெளிவும் ‘ஜி–எச்’, ‘விஎஸ்’ என்று ஒரு வரம்பாகத்தான் இருக்கும். கட்டடத்துக்குள் இருக்கும் கல்லை அதற்குமேல் துல்லியமாகப் பார்க்க இயலாது.

கடையே தன் பெயர் அச்சிட்டுத் தரும் ‘உத்தரவாத அட்டை’ கடைக்காரரின் வாய்ச்சொல்லை விடச் சற்று மேலானது. அதை ஆய்வக அறிக்கையாக எண்ணிவிடக் கூடாது.

‘ப்ளூ ஜாக்கர்’, ‘பெல்ஜியம் கட்டிங்’ என்று சொல்லி அதிக விலை கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

நம் ஆச்சிமார்களின் காதில் நீலம் பாய்ந்த வெண்மையோடு ஒளிவிட்ட கற்களுக்கு ப்ளூ ஜாக்கர் என்று பெயர். தென் ஆப்பிரிக்காவில் உள்ள யாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தின் பெயர்தான் நம் நாவில் ஜாக்கர் ஆயிற்று. 1893-இல் 995 கேரட் எடையுள்ள எக்செல்சியர் என்னும் புகழ்பெற்ற வைரம் கிடைத்த சுரங்கம் அது. அந்தச் சுரங்கம் 1971-இல் மூடப்பட்டுவிட்டது. ஆகவே இன்று பெட்டியிலிருந்து புதிதாக எடுத்துக் காட்டும் கல்லை ப்ளூ ஜாக்கர் என்று ஒருவர் சொன்னால், பழைய நகையிலிருந்து பிரித்த கல்லா, அல்லது பெயருக்குச் சொல்கிறாரா என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் இருக்கும்.

நீலச் சாயலுக்குக் காரணம் ஒளிர்வு. சில வைரங்கள் புற ஊதாக் கதிர் பட்டால் நீலமாக ஒளிரும். வெயிலிலும் அந்தக் கதிர் இருப்பதால், லேசான மஞ்சள் சாயல் மறைந்து கல் வெளுப்பாகத் தெரியும். இத்தகைய கற்கள் உலகெங்கும் பல சுரங்கங்களில் கிடைக்கின்றன. ஆய்வக அறிக்கையில் ஒளிர்வு எவ்வளவு என்பது ஒரு தனி வரியாக இருக்கும். வேடிக்கை என்னவென்றால், நிறமற்ற உயர்தரக் கற்களில் வலுவான நீல ஒளிர்வு இருந்தால் வெளிச் சந்தையில் விலையைச் சற்றுக் குறைத்தே கேட்பார்கள். நம் பக்கத்தில் அதற்கே கூடுதல் விலை கேட்கிறார்கள். அந்த அழகு உங்களுக்குப் பிடித்திருந்தால் வாங்கலாம். சுரங்கத்தின் பெயருக்காகப் பணம் கொடுக்க வேண்டாம்.

பெல்ஜியம் கட்டிங் என்பதும் அப்படித்தான். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரத்துப் பட்டைத் தொழிலுக்கு ஒரு காலத்தில் இருந்த பெயரை வைத்து வந்த சொல். இன்று உலகின் பெரும்பாலான வைரங்கள் பட்டை தீட்டப்படுவது சூரத்தில். அங்கே மிகச் சிறந்த பட்டையும் உண்டு, மட்டமானதும் உண்டு. ஊரைக் கேட்காமல், அறிக்கையில் பட்டையின் தரம் என்ன என்று கேளுங்கள்.

ஏழு கல் தோட்டுக்கு மூடிய கட்டடம்தான் வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். அதில் என்ன சிக்கல்?

நடுவில் ஒன்று, சுற்றிலும் ஆறு என்று தங்கக் கிண்ணத்துக்குள் அமர்ந்த கற்களின் அழகு தனிதான். எனக்கும் அதுவே பிடிக்கும். கற்கள் எளிதில் விழுவதும் இல்லை. ஆனால் பின்பக்கம் முழுவதும் தங்கத்தால் மூடப்பட்டிருப்பதால் கல்லின் அடியை யாரும் பார்க்க முடியாது. சற்று மஞ்சளான கல்லும் அதற்குள் எடுப்பாகத் தெரியும். விளிம்பில் உடைந்த கல்லின் உடைவைத் தங்கம் மறைத்துவிடும். ஒரு கல் ஆழமாக இருக்கிறதா, தட்டையாக இருக்கிறதா என்பதும் தெரியாது. பழைய நகைகளில் உள்ளே அரக்கும் இருக்கலாம். அதையும் சேர்த்தே தராசு தங்கம் என்று காட்டும்.

ஆகவே மூடிய கட்டடம் வேண்டுமென்றால் கட்டிய நகையை வாங்காதீர்கள். கற்களை உதிரியாகத் தேர்ந்தெடுத்து, உங்கள் முன்னிலையில் எடை போட்டு, சோதனை முடித்து, பிறகு பத்தரிடம் கட்டக் கொடுங்கள். மூன்று நான்கு வாரம் கூடுதலாகும். முகூர்த்தத் தேதியை வைத்துக்கொண்டு பத்து நாள் முன்னதாகக் கடைக்குப் போகிறவர்களுக்கு இந்த வழி திறந்திருக்காது என்பதால், நிச்சயம் முடிந்த கையோடு தொடங்கிவிடுவது நல்லது.

தோஷம் பார்க்க வைரத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா? கடையில் கொடுப்பார்களா?

முன்பணம் வாங்கிக்கொண்டு சில நாட்களுக்குக் கொடுக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று வைரத்தின் குறைகளை மதுரை மணிக்கடை வீதியைப் பாடிய சிலப்பதிகாரமே பட்டியலிட்டிருக்கிறது. இன்று கடையில் ‘காக்கப்புள்ளி’ என்று சொல்லப்படும் கரும்புள்ளியும் அந்த வரிசையில் வருவதுதான். ஒரு கல் குடும்பத்துக்கு ஒத்துவருமா என்பதில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அது அவரவர் நம்பிக்கை. ஆனால் அந்த நாட்களை இன்னொரு காரியத்துக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம். பூசையறையில் ஒரு நாள் வைத்துவிட்டு, மறுநாள் கல்லை மதுரைக்கோ திருச்சிக்கோ எடுத்துச் சென்று, விற்ற கடைக்குத் தொடர்பில்லாத ஒருவரிடம் காட்டுங்கள். இதைக் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தை இயற்கை வைரம் என்று விற்றுவிடுவார்களோ?

நியாயமான அச்சம். ஆய்வக வைரமும் உண்மையான வைரமே. அதே கார்பன், அதே கடினம், அதே மின்னல். லென்ஸை வைத்துக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் முடியாது. கடைகளில் கல்லின் மேல் வைத்துப் பார்க்கும் பேனா போன்ற கருவி வெப்பம் கடத்துவதை அளப்பது. அது அமெரிக்கன் டைமண்ட் கல்லைப் பிடித்துவிடும், ஆய்வக வைரத்தை வைரம் என்றுதான் சொல்லும். வெப்பத்தை மட்டும் அளக்கும் கருவி, வைரம் போலவே தோன்றும் வேறொரு கல்லான மாய்சனைட்டையும் வைரம் என்று காட்டிவிடும். இயற்கையா வளர்த்ததா என்று பிரித்தறிய ஆய்வகத்தின் நிறமாலைக் கருவிகள் தேவை.

ஆய்வக வைரத்தை அதன் பெயரைச் சொல்லி, அதன் விலைக்கு விற்கும் கடை நேர்மையான கடைதான். அதன் விலை சில ஆண்டுகளில் வெகுவாக இறங்கிவிட்டது என்பதையும், திரும்பக் கொடுத்தால் கிடைப்பது மிகக் குறைவு என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். இயற்கை வைரம் என்று சொல்லி விற்பவரிடம் ‘இயற்கை வைரம்’ என்ற சொற்களையே பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். வெறுமனே ‘வைரம்’ என்று எழுதினால் ஏற்க வேண்டாம்.

பில்லில் என்னென்ன இருக்க வேண்டும்?

கல்லின் எண்ணிக்கை, மொத்தக் கேரட், நிறம், தெளிவு, ஒரு கேரட்டுக்கு என்ன விலை, தங்கத்தின் தரம், நிகர எடை, செய்கூலி, சேதாரம், ஜிஎஸ்டி ஆகியவை தனித்தனியாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து ‘வைரத்தோடு 1 ஜோடி’ என்று ஒரே தொகையாக எழுதிய பில்லைப் பிற்காலத்தில் எதற்கும் பயன்படுத்த முடியாது.

எண்ணிக்கை ஏன் முக்கியம் என்றால், 10 சென்ட் கற்கள் பதினான்கு சேர்ந்து 1.40 கேரட் ஆவதும், 70 சென்ட் கற்கள் இரண்டு சேர்ந்து 1.40 கேரட் ஆவதும் எடையில்தான் ஒன்று. பெரிய கல்லுக்குக் கேரட் விலையே பல மடங்கு கூடும். அடுத்தது எடைக் கழிவு. ஒரு கேரட் என்பது 0.2 கிராம், அதாவது 100 சென்ட். எனவே 1.40 கேரட் கல் உள்ள தோட்டின் மொத்த எடை 9.280 கிராம் என்றால், 0.280 கிராம் கல்லுக்குப் போக 9.000 கிராமுக்குத்தான் தங்க விலை போட வேண்டும். கழிக்காமல் போட்டால் அந்தக் கால் கிராமுக்கு மேற்பட்ட எடைக்கு ஒரு முறை வைர விலையும், மறுமுறை தங்க விலையும் கொடுக்கிறீர்கள். இதைச் சுட்டிக்காட்டியபோது “எல்லாக் கடையிலும் இப்படித்தான்” என்று ஒருவர் எனக்குப் பதில் சொன்னார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

திரும்பக் கொடுத்தால் என்ன விலை எடுப்பார்கள்?

வாங்கும் நாளிலேயே கேட்டு எழுதி வாங்க வேண்டிய செய்தி இது. மாற்றிக்கொள்வது வேறு, பணமாகத் திரும்பப் பெறுவது வேறு. பல கடைகள் முதலாவதை மட்டுமே ஒத்துக்கொள்ளும். கழிவு எத்தனை சதவீதம், அது அன்று வாங்கிய விலையிலா, திரும்பக் கொடுக்கும் நாளின் விலையிலா என்பதையும் எழுத வேண்டும். கூடவே, அதே கல்லை இன்று வேறொருவர் கொண்டுவந்தால் என்ன விலைக்கு எடுத்துக்கொள்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தயங்குபவர் உங்களிடம் கேட்கும் விலையில் எவ்வளவு காற்று இருக்கிறது என்பது அந்தத் தயக்கத்திலேயே தெரிந்துவிடும்.

ரொக்கமாகக் கொடுத்தால் விலை குறைப்பதாகச் சொல்கிறார்களே?

பில் இல்லாமல் என்றுதான் அதற்குப் பொருள். இரண்டு லட்ச ரூபாயோ அதற்கு மேலோ ஒரே கொள்முதலுக்கு ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. அதைத் தவிர்க்கச் சொல்லித் தருபவரிடம் நம்பகத்தைத் தேட வேண்டியதில்லை.

ஏமாற்றப்பட்டது தெரிந்தால் எங்கே போவது?

முதலில் எழுத்து மூலமாகக் கடைக்குத் தெரிவியுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். அதற்கும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நம் பகுதிக்கு அது சிவகங்கையில். இரண்டு ஆண்டுக்குள் முறையிட வேண்டும். ஐந்து லட்ச ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் இல்லை. ஹால்மார்க் இட்ட தங்கத்தில் தரக் குறைவு தெரிந்தால், குறைவின் மதிப்பில் இரு மடங்கை இழப்பீடாகத் தர பிஐஎஸ் விதி இருக்கிறது. வைரத்துக்கு அப்படி ஒரு நேரடி விதி இல்லாததால், பில்லும் அறிக்கையும்தான் உங்கள் வழக்கு.

ஆயாவின் பழைய தோட்டைப் பிரித்துப் புதிதாகக் கட்டக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் வெறுங்கையோடு திரும்பி வராதீர்கள். என் அத்தையின் தோட்டில் திருகாணி தேய்ந்துபோக, சரி செய்து மெருகு போட ஒரு கடையில் கொடுத்தோம். மூன்று வாரம் கழித்து வந்த தோட்டில் இடது பக்கத்து ஒரு கல் மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் தனியாக வெளுத்திருந்தது. அழுக்குப் போனதால் அப்படித் தெரிகிறது என்றார்கள். இருக்கலாம். நாங்கள் கொடுத்தபோது படம் எடுக்கவில்லை, எடை குறிக்கவில்லை, ரசீதில் ‘தோடு பழுது’ என்று மட்டும் இருந்தது. அத்தை கடைசி வரை அந்தத் தோட்டைப் போடும்போதெல்லாம் இடது காதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

இப்போது எங்கள் வீட்டில் செய்வது இது: கொடுக்கும் முன் முன்பக்கமும் பின்பக்கமும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுக்கிறோம், கடைத் தராசில் வைத்து எடையையும் கல்லின் எண்ணிக்கையையும் ரசீதில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம், லென்ஸில் தெரியும் ஒரு புள்ளியையோ கீறலையோ எந்தக் கல்லில் என்று குறித்துக்கொள்கிறோம். கற்களைப் பிரிப்பதென்றால் பத்தர் பிரிக்கும்போது எதிரிலேயே உட்கார்ந்துகொள்கிறோம். பிரித்த கற்களை உதிரியாக எடை போட்டு, பெரிய கற்களுக்கு ஆய்வக அறிக்கையும் அப்போதே வாங்கிவிடுகிறோம். மறுபடி கட்டிவிட்டால் பல பத்தாண்டுகளுக்கு அந்தக் கற்கள் வெளியே வரப்போவதில்லை.